ஆறு நுழையும் வாய்

ஜூலை. நியூசிலாந்தின் கேன்டர்பரியில் குளிர்காலம். கொட்டகைத் தகரத்தில் உறைபனி உருகிச் சொட்டுகிறது.

ட்ரெய்லரில் படகு. முன்பக்கம் சற்றே தூக்கி நிற்கிறது. அடிப் பிளக்கைக் கழற்றுகிறேன். முதலில் தண்ணீர் வருகிறது. பிறகு சாம்பல் நிற வண்டல். பிறகு எதுவும் வருவதில்லை.

*

சாவி என் சட்டைப்பையில். பேட்டரியின் மைனஸ் வயர் கழற்றி ஒதுக்கியாகிவிட்டது.

இம்பெல்லர் பக்கம் கை போகுமுன் இந்த இரண்டும். அவசரமே இல்லாத நாளிலும் இதே வரிசை.

*

ஜெட் படகில் வெளியே சுழலும் விசிறி இல்லை. சுக்கான் இல்லை. அடிப்பாகத்தில் ஒரு வாய். அதன் மேல் கம்பித் தட்டி. உள்ளே இம்பெல்லர் என்ற விசிறி ஆற்று நீரை இழுத்து, பின்னால் குறுகிய குழல்வாய் வழியே பீய்ச்சுகிறது. அந்த எதிர்விசையில் படகு முன்னே போகிறது. பீய்ச்சலைத் திருப்பினால் படகு திரும்புகிறது. த்ராட்டிலை முழுக்க விட்டுவிட்டால் திருப்பவும் வழியில்லை.

படகு ஓடுகிற நேரமெல்லாம் ஆறு அதன் வயிற்றுக்குள் புகுந்து வெளியேறிக்கொண்டே இருக்கிறது.

கூடவே மணலும்.

*

மல்லாந்து படுக்கிறேன். சிமெண்ட் தரையின் குளிர் முதுகில் ஏறுகிறது.

டார்ச் வெளிச்சம் தட்டிக்குள் போகிறது. இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஒரு கல், நெல்லிக்காய் அளவு. மரக்கட்டையை வைத்துத் தட்டுகிறேன். அசையவில்லை. மறுபக்கத்திலிருந்து தட்டுகிறேன். உள்ளங்கையில் விழுகிறது.

கிரேவாக்கே. சாம்பல் நிறம், நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு. தெற்கு ஆல்ப்ஸ் மலை இந்தப் பக்கம் பெரும்பாலும் இந்தப் பாறைதான். மலை உடைகிறது. ஆறு சுமக்கிறது. இந்தக் கொட்டகை நிற்கிற சமவெளியும் அப்படிச் சுமந்து போட்டதுதான்.

கல்லைப் பெஞ்சின் மேல் வைக்கிறேன்.

*

மூச்சு புகையாக எழுகிறது. படகின் அடியில் மோதுகிறது. கலைகிறது.

*

ஃபீலர் கேஜை விரிக்கிறேன். மெல்லிய எஃகுத் தகடுகள். ஒவ்வொன்றிலும் அதன் கனம் பொறித்திருக்கிறது.

இம்பெல்லர் இலையின் நுனிக்கும் அதைச் சுற்றியிருக்கும் தேய்மான வளையத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி. புதிதில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. மணல் போகப் போக அது அகலும். அகன்ற வழியே நீர் பின்னால் நழுவும். என்ஜின் சத்தம் உயரும். படகின் வேகம் உயராது.

ஒரு தகடு நுழைகிறது. தாராளமாக ஆடுகிறது. அடுத்தது நுழைகிறது, லேசாக உரசுகிறது. அதற்கடுத்தது வாசலிலேயே நிற்கிறது.

உரசுகிற தகடுதான் அளவு. காதுக்குக் கேட்காத உரசல். இரண்டு விரல்களுக்கு நடுவே மட்டும் தெரிகிறது.

இம்பெல்லரைக் கையால் சுற்றுகிறேன். அடுத்த இலை. மேலே, கீழே, இடம், வலம்.

படகு ஓடுவது இந்த இடைவெளியை நம்பித்தான். டார்ச்சை நேராகப் பிடித்துப் பார்த்தாலும் அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

*

கழற்றும் வேலை. நட்டுகள் தட்டில், கழற்றிய வரிசையில்.

*

இம்பெல்லர் மடியில் இருக்கிறது. பார்வைக்குத் தெரிவதைவிடக் கனம்.

முதல் இலை. கட்டைவிரல் முன்விளிம்பில் போகிறது. பொடிப்பொடியாகச் சொரசொரப்பு. இரண்டாவது இலையில் ஒரு பள்ளம். கல் கடித்த இடம். ஓரம் மடிந்து உலோகம் பிதுங்கி நிற்கிறது. மூன்றாவது மழமழவென்று இருக்கிறது. ஏன் அது மட்டும் தப்பியது என்று யோசனை வருகிறது. போகிறது.

மழுங்கிய விளிம்பில் நீர் ஒட்டி ஓடுவதில்லை, பிய்கிறது. அழுத்தம் தாழ்கிற இடத்தில் நீர் சூடாகாமலே கொதிக்கிறது. நீராவிக் குமிழ் பிறக்கிறது. அழுத்தம் கூடுகிற இடத்தில் அதே குமிழ் நொறுங்குகிறது. அந்த அடி உலோகத்தில் விழுகிறது. இலையின் முதுகில் புள்ளிப்புள்ளியாகக் குழிகள்.

நீரால் விழுந்த குழிகள். விரல் அங்கே சற்று நேரம் நிற்கிறது.

*

பட்டறையில் கொடுத்தால் இதை நன்றாகவே செய்து தருவார்கள். ஆனாலும், ஆற்றில் படகை ஓட்டுகிறவரின் விரலுக்குக் கல் எங்கே கடித்தது என்று தெரிந்திருக்க வேண்டும். எனக்கு இது முக்கியம்.

*

அரம். ஒரே திசையில். இலையின் வளைவு மாறக்கூடாது. பிதுங்கிய உலோகம் மட்டும் போகவேண்டும்.

சர்ரக். நிறுத்தம். சர்ரக்.

முழங்காலில் வெள்ளித் தூள் படிகிறது.

*

அரம் போகிறது. நினைவும் அதன் போக்கில் போகிறது.

மேற்கே, மெக்கன்ஸி மேட்டுநிலத்தில், ஐரிஷ்மேன் க்ரீக் என்ற ஆட்டுப் பண்ணை. பில் ஹாமில்டன் அங்கே பட்டறை வைத்திருந்தார். பல கிளைகளாகப் பிரிந்து ஓடும் ஆறுகள். முழங்கால் ஆழம்கூட இல்லாத இடங்கள். சாதாரணப் படகின் விசிறி அங்கே கல்லில் உடையும். 1950-களின் தொடக்கத்தில் ஜெட்டை வைத்துச் செய்து பார்க்கிறார். முதலில் பீய்ச்சல் படகின் அடியில், நீருக்குள். வேகம் வரவில்லை. அதைப் பின்பக்கம், நீர்மட்டத்துக்கு மேலே தூக்கி வைக்கிறார். படகு எழுந்து ஓடுகிறது.

சில அங்குல உயரம்.

1960-இல் அந்தப் படகுகள் கொலராடோ ஆற்றில் கிராண்ட் கேன்யன் வழியே எதிரோட்டத்தில் ஏறுகின்றன. 1977-இல் எட்மண்ட் ஹிலாரியின் குழு மூன்று ஜெட் படகுகளில் கங்கை கடலில் கலக்கும் இடத்திலிருந்து மேல்நோக்கிப் புறப்படுகிறது. நந்தப்பிரயாகை அருகே ஓர் அருவி. அதற்கு மேல் படகு போகவில்லை.

வங்காளத்து வண்டலும் இமயத்து மணலும் இதே போன்ற தட்டி வழியேதான் நுழைந்திருக்கும். எங்கோ ஒரு மணல்திட்டில் யாரோ குனிந்து, விளிம்பை விரலால் தடவிப் பார்த்திருப்பார்கள்.

சர்ரக்.

*

தேநீர் ஆறிவிட்டது. ஆறியதைக் குடிக்கிறேன்.

*

பின்பக்கத்து பேரிங் ரப்பரால் ஆனது. அதற்கு எண்ணெய் கிடையாது, கிரீஸ் கிடையாது. ஓடும் நீரே அதற்கு மசகு. அதனால்தான் தரையில் நிற்கும் படகை வறட்சியாக ஓடவிடுவதில்லை. ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் அசைக்கிறேன். அசைவு மிகக் கொஞ்சம். போதும்.

முன்பக்கத்து பேரிங்குக்கு கிரீஸ் வேண்டும். கிரீஸ் கன்னை மெல்ல அழுத்துகிறேன். பழைய கிரீஸ் வெளியே வருகிறது. வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. வெளுக்கவில்லை. பழுப்பு, பளபளப்பு. துணியால் துடைக்கிறேன்.

*

என்ஜின் ஆயிலைக் கீழே வடிக்க இடமில்லை. டிப்ஸ்டிக் குழாய் வழியே கைப்பம்பால் உறிஞ்சி எடுக்கவேண்டும். கறுப்பு. கனமாக, மெதுவாக வருகிறது. பம்பை இழுக்கும் கையும் அதன் வேகத்துக்கு வந்துவிடுகிறது.

புது ஃபில்டர். அதன் ரப்பர் வளையத்தில் ஒரு விரல் ஆயில்.

*

என்ஜினைக் குளிரவைப்பதும் ஆறுதான். மணல் வடிகட்டியைத் திறக்கிறேன். ஒரு பிடி மணல். மாவு போல மெல்லியது; பனியாறு பாறையை அரைத்த மாவு. விரலிடுக்கில் நழுவுகிறது.

*

வெயில் கொட்டகை வாசலுக்கு வருகிறது. உள்ளே வருவதில்லை.

*

எல்லாம் திரும்ப மாட்டியாகிறது. டார்க் ரெஞ்ச் ஒவ்வொரு நட்டிலும் 'டக்' என்கிறது. இம்பெல்லரைக் கையால் சுற்றுகிறேன். எங்கும் உரசவில்லை. சுற்றிவிட்டுக் கையை எடுத்தால் சற்றுப் போய் நிற்கிறது.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். படகின் அடியில் போய்த் தங்கும். மூடியைத் திறந்து வைத்து முகர்ந்து பார்க்கிறேன். ஆயில் வாசம். ஈர அலுமினிய வாசம். வேறு இல்லை.

*

இப்போது ஆற்றின் கல்வெளி வெறுமையாக இருக்கும். ரைபில் பறவைகள் குளிர்காலத்துக்கு வடக்கே போயிருக்கின்றன. அலகு வலப்பக்கம் வளைந்த சிறிய பறவை. உலகில் வேறு எந்தப் பறவைக்கும் அலகு அப்படி இல்லை. கல்லுக்கு அடியில் இருக்கும் பூச்சியை அந்த வளைவால் எடுக்கிறது. வெறும் கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிடுகிறது. முட்டையும் கல் நிறம்.

வசந்தத்தில் வடமேற்குக் காற்று அடிக்கும். மலையில் பனி உருகும். ஆறு கிளைகளை மாற்றிப் போடும். போன வருடம் படகு போன வழி அங்கே இருக்காது. பறவைகள் திரும்பியிருக்கும். அந்த மாதங்களில் கல்திட்டை ஒட்டி வேகமாகப் போவது சரியல்ல. அலை கூட்டைத் தொடும்.

*

கடைசியாகக் கழுவுதல். பாத்திரம் கழுவும் சோப்பு திரவம், நூற்றுக்கு ஐந்து பங்கு. படகின் அடி, தட்டி, ட்ரெய்லர், கயிறு.

நுரை இறங்கி வடிகாலுக்குப் போகாமல் புல்லில் நிற்கிறது. விரல்கள் மரத்திருக்கின்றன.

டிடிமோ என்கிற பாசி நியூசிலாந்தில் 2004-இல் தென் தீவின் தெற்கில், வையாவ் ஆற்றில் முதலில் கண்டறியப்பட்டது. ஒற்றைச் செல், கண்ணுக்குத் தெரியாது. ஒரு சொட்டு நீரில் அடுத்த ஆற்றுக்குப் போய்விடும். போன இடத்தில் கற்களை மூடிப் படரும்.

சோப்பு நீர் குறைந்தது ஒரு நிமிடம் ஈரமாக நிற்கவேண்டும். படகு முழுக்கக் காய்ந்த பிறகு இன்னும் 48 மணி நேரம் கழித்துத்தான் அடுத்த ஆற்றில் இறக்கலாம்.