அடிக்கலாம், அழிக்கக் கூடாது

மணியாச்சி ஜங்ஷனில் இறங்கியவர்களைவிட வண்டி மாறியவர்களே அதிகம். தூத்துக்குடிக்குக் கிளை பிரிகிற இடம். சுற்றிலும் கரிசல், வெயில். 1911 ஜூன் 17-ல் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டதால் சரித்திரப் புத்தகத்தில் ஏறிவிட்டது. எனக்கு அது சித்தப்பா ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த ஊர்.

வண்டி வந்த நேரம், போன நேரம் எல்லாவற்றையும் பெரிய ரிஜிஸ்டரில் எழுதுவார். ஒருநாள் 10.14-ஐ 10.41 என்று எழுதிவிட்டார். பெரிய உபகாரம் செய்வதாக நினைத்து நான் ரப்பரை நீட்டினேன்.

''ஏலே, இதுல அழிக்கிற சோலியே கிடையாது!''

தப்பின் மேல் ஒரே ஒரு கோடு. அடியில் இருப்பது எப்போதும் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். மேலே சரியான நேரம், பக்கத்தில் கையெழுத்து. நாளைக்கே விசாரணை என்று வந்தால் யார், எதை மாற்றினார் என்று தெரிய வேண்டும் அல்லவா?

இது மறுபடி ஞாபகம் வந்தது யூஸ்நெட்டில். 1979-ல் டியூக் பல்கலைக்கழகத்தின் டாம் ட்ரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் யோசித்த ஏற்பாடு அது. எந்த முதலாளிக்கும் சொந்தமில்லாத உலக அறிவிப்புப் பலகை. சாக்.கல்சர்.தமிழ் என்று நமக்கும் ஒரு குழு இருந்தது. 1994 ஏப்ரலில் கேன்டர், சீகல் என்ற அமெரிக்க வக்கீல் தம்பதி, கிரீன் கார்டு லாட்டரிக்கு மனுப் போட்டுத் தருகிறோம் என்ற ஒரே விளம்பரத்தை ஆயிரக்கணக்கான குழுக்களில் கொட்டினார்கள். குப்பை யுகம் ஆரம்பம்.

அனுப்பிய கடிதத்தை எழுதியவரே வாபஸ் வாங்க 'கேன்சல்' என்று ஒரு கட்டளை உண்டு. அனுப்புவது நிஜமாகவே அவர்தானா என்று யாரும் பார்ப்பதில்லை. நல்லவர்கள் அந்த ஓட்டை வழியாகக் குப்பை அள்ளினார்கள். பொல்லாதவர்கள் அதே வழியில் புகுந்து, பிடிக்காதவன் எழுதியதை அழித்தார்கள்.

'கேன்சல்மூஸ்' என்ற புனைபெயர்க்காரரும் குப்பை அள்ளியவர்தான். அவர் கொண்டுவந்த மாற்று வழிக்குப் பெயர் நோசெம். அதாவது, 'பார்க்காதே'. இதில் எதையும் அழிப்பதில்லை. 'இவையெல்லாம் குப்பை' என்று ஒரு பட்டியல் வரும், அடியில் டிஜிட்டல் கையெழுத்தோடு. ஃபில் ஸிம்மர்மன் 1991-ல் வெளியிட்ட பிஜிபி முறைக் கையெழுத்து. யாரையெல்லாம் நம்புகிறேனோ அவர்களுடைய பொதுச் சாவிகளை என் கம்ப்யூட்டரில் வைத்திருப்பேன். செய்தி படிக்கிற மென்பொருள் அந்தச் சாவியைக் கொண்டு கையெழுத்தைச் சோதிக்கும். போட்டவர் அவரேதானா, வழியில் யாராவது பட்டியலில் கை வைத்தார்களா என்று பார்க்கும். சரியாக இருந்தால் அந்தக் கடிதங்கள் என் திரையில் மறையும். அவரை நம்பாத பக்கத்து வீட்டுக்காரருக்கு அவை அப்படியே தெரியும். (சில சர்வர்காரர்கள் பட்டியலை எல்லோருக்கும் சேர்த்தே அமல் செய்தார்கள். அது வேறு வம்பு.)

எனக்கு இதில் பிடித்தது கணக்கு அல்ல, மரியாதை. கேட்காமல் இருக்க எனக்கு உரிமை உண்டு. உங்களைக் கேட்கவிடாமல் செய்ய எனக்கு என்ன உரிமை? இன்று ஒரு பதிவு காணாமல் போனால் கோடும் இல்லை, கையெழுத்தும் இல்லை. இணையத்தில் ஒன்றைத் தடுக்கும்படி அரசுக்கு வரும் புகாரும் அதன் மேல் எடுக்கும் நடவடிக்கையும் ரகசியமாக இருக்க வேண்டும் என்று 2009-ம் வருஷ விதிகளில் 16-வது விதியே இருக்கிறது. சித்தப்பாவிடம் காட்டியிருந்தால் சிரித்திருப்பார்.

ஆனால், கையெழுத்து சொல்வது 'யார்' என்பதை மட்டும்தான். சொன்னது நியாயமா என்று எந்தச் சாவியும் சொல்லாது. அதை நான்தான் பார்க்க வேண்டும். பார்த்தேனா? இரண்டு பேருடைய சாவியைப் போட்டுக்கொண்டேன், குப்பை ஒழிந்தது, நிம்மதியாக மறந்துவிட்டேன். மாதக்கணக்கில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோகாமல், மறைத்ததை எல்லாம் திறந்து பார்த்தேன். வரிசையாக லாட்டரி, எடைக்குறைப்பு, இத்யாதி. நடுவே ஒரு கடிதம். நீளமானது, கோபமானது, நாலைந்து குழுக்களில் திருப்பித் திருப்பிப் போட்டது. விளம்பரம் இல்லை. போன வருஷம் நான் எழுதிய ஒன்றை வரிவரியாக மறுத்திருந்தார். பாதிக்கு மேல் அவர் சொன்னதுதான் சரி.

பதில் எழுதினேன். அதற்குள் அவர் அந்தக் குழுவை விட்டே போயிருந்தார்.