துலையேறிய குடும்பம்

(அமர்நீதி நாயனார் குருபூசையன்று நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று ஆனி மாதத்துப் பூர நட்சத்திரம். அறுபத்து மூன்று நாயன்மார்களுள் ஒருவரான அமர்நீதி நாயனாருடைய குருபூசைத் திருநாள். அடியார் வரலாறு என்றவுடன், வீட்டைத் துறந்து, கந்தை உடுத்து, ஊணும் உறக்கமும் ஒழித்த தவசிகளே நம் மனத்தில் முன்வந்து நிற்பது வழக்கம். இன்று நாம் நினைந்து போற்றும் பெரியாரோ, வியாபாரம் நடத்திப் பொருளீட்டியவர். மனைவியோடும் மகனோடும் சுற்றத்தாரோடும் கூடி வாழ்ந்தவர். பொன்னையும் மணியையும் பட்டையும் நாள்தோறும் தொட்டு மதிப்பிட்டு விலை பேசியவர். இத்தகைய ஒரு கிருகஸ்தரைச் சேக்கிழார் பெருமான் தம் பெரிய புராணத்தில் யோகியரோடும் வேந்தரோடும் ஒரே வரிசையில் வைத்துப் பாடியிருக்கிறார் என்றால், அதற்குரிய காரணத்தைச் சிந்திப்பதே இன்றைய நம் கடமை.

நாயனாருடைய ஊர் சோழநாட்டுப் பழையாறை. கும்பகோணத்துக்கு அருகே, பட்டீச்சரத்தை ஒட்டி இன்று அமைதியான கிராமமாகக் காணப்படும் அவ்வூர், ஒருகாலத்தில் சோழ மன்னர்களின் மாளிகை விளங்கிய மாநகரம். மங்கையர்க்கரசியாரைப் பெற்றெடுத்த பெருமையும் அதற்கு உண்டு. அந்நகரில் வணிகர் குலத்தில் அவதரித்த அமர்நீதியார், பொன், முத்து, மாணிக்கம், பட்டு, துகில் முதலியவற்றைப் பிற நாடுகளிலிருந்து வருவித்து விற்று, நேர்மையினின்றும் வழுவாமல் பெருஞ்செல்வம் சேர்த்தார். சேர்த்ததைச் சிவனடியார்க்கு அமுதூட்டுவதிலும், அவர்களுக்குக் கந்தையும் கீளும் கோவணமும் வழங்குவதிலும் செலவிட்டார். நாடாளும் அரசியர் உடுக்கும் பட்டு ஒருபுறமும், ஆண்டிகள் கட்டும் கோவணம் மறுபுறமுமாக ஒரே மனிதரின் கையில் புழங்கிய அந்த வாழ்க்கையை எண்ணிப் பாருங்கள். முன்னது அவருக்கு ஜீவனம். பின்னது அவருக்கு ஜீவன்.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரிய புராணத்தில் கோவணம் என்னும் அந்தச் சிறு துணியைச் சுற்றி மூன்று தொண்டர்கள் நிற்கிறார்கள். காம்பீலி நகரத்து நேச நாயனார் அதனைத் தம் தறியில் நெய்து கொடுத்தார். காஞ்சி மாநகரத்துத் திருக்குறிப்புத் தொண்டர் அடியாருடைய ஆடைகளை வெளுத்துக் கொடுத்தார். பழையாறை அமர்நீதியார் அதனை அடியார்க்கு வேண்டுமளவும் வாரி வழங்கினார். நெசவும் சலவையும் வாணிகமும் ஆகிய இவற்றுள் எதனையும் விட்டுவிட்டு வரும்படி இறைவன் அம்மூவரையும் பணிக்கவில்லை. அவரவர் தொழிலே அவரவர் தொண்டாயிற்று.

பழையாறையில் இவ்வாறு வாழ்ந்த நாயனார், திருநல்லூரில் நடைபெறும் திருவிழாவைச் சேவிக்கச் சென்று, அங்கே வரும் அடியார்களுக்கு அமுதளிக்க வேண்டும் என்னும் ஆசை மேலிட, அத்தலத்திலேயே திருமடம் ஒன்றை எழுப்பித் தம் குடும்பத்தோடும் சுற்றத்தோடும் குடியேறினார். திருநல்லூர் சாமானியமான தலமன்று. நாளொன்றில் ஐந்து வர்ணங்களைக் காட்டியருளுவதால் பஞ்சவர்ணேசுவரர் என்று பெயர்பெற்ற பெருமான் எழுந்தருளியிருக்கும் மாடக்கோயில் அது. திருநாவுக்கரசருடைய சென்னிமேல் இறைவன் தன் திருவடியைச் சூட்டியதும் அங்கேதான். அதனை நினைவூட்டும் வகையில், பெருமாள் கோயில்களில் வழங்குவதுபோல இச்சிவாலயத்திலும் அடியார் தலையில் திருவடி பொறித்த சடாரி சாத்துவது இன்றளவும் வழக்கமாக இருக்கிறது.

அந்த மடத்துக்கு ஒருநாள் ஒரு பிரமசாரி வந்தார். நெற்றியில் திருநீறு, விரலில் தர்ப்பைப் பவித்திரம், தோளில் ஒரு தண்டு, அந்தத் தண்டிலே இரண்டு கோவணமும் ஒரு திருநீற்றுப் பையும். நாயனார் அகமும் முகமும் மலர வரவேற்று அமுது செய்ய அழைத்தார். வந்தவர், காவிரியில் நீராடி வருவதாகவும், ஒருகால் மழை வந்தாலும் வரும் என்றும் சொல்லி, தண்டிலிருந்து ஒரு கோவணத்தை அவிழ்த்து, அதன் மகிமையை வற்புறுத்தி, தாம் திரும்பி வரும்வரை காத்துத் தரும்படி ஒப்படைத்துவிட்டுப் போனார். நாயனாரும் அதனைத் தம்மிடமுள்ள மற்றத் துணிகளோடு கலந்துவிடாதபடி தனியிடத்தில் பத்திரமாக வைத்தார். வைத்த கோவணத்தை இறைவன் மறைத்தருளினான்.

நீராடி, மழையிலும் நனைந்து திரும்பிய பிரமசாரி, தண்டில் கிடந்த கோவணமும் ஈரமாகிவிட்டபடியால், வைத்துச் சென்றதைக் கேட்டார். நாயனார் உள்ளே சென்று தேடினார்; காணவில்லை. பெட்டிகளெல்லாம் திறந்து, மூட்டைகளெல்லாம் பிரித்துப் பார்த்தும் அகப்படவில்லை. நடுங்கிப்போய், வேறொரு கோவணத்தைக் கையில் ஏந்தி வந்து, இது துணியிலிருந்து கிழித்ததன்று, கோவணமாகவே நெய்தது என்று விண்ணப்பம் செய்து, பிழை பொறுத்து ஏற்றுக்கொள்ள வேண்டினார். ஜவுளியின் தரம் அறிந்த வணிகர் வேறு எப்படிப் பேசுவார்! பிரமசாரிக்கோ கோபம் பொங்கியது. கோவணம் தருவதாக ஊரெல்லாம் புகழ் பரப்பியது தம்முடைய கோவணத்தைக் கவர்ந்துகொள்ளத்தானோ என்றும், இந்த வியாபாரம் மிக நன்றாக இருக்கிறது என்றும், அவருடைய தொழிலையே குறித்து இடித்துரைத்தார்.

அன்பர்களே, ஒரு வணிகருக்கு இதனினும் கொடிய சொல் உண்டோ? ஆயினும் நாயனார் அப்போது சொல்லாமல் விட்டவற்றை நாம் உற்று நோக்க வேண்டும். "ஒரு முழத் துணிக்காகவா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று அவர் கேட்கவில்லை. "இத்தனை காலமாக இத்தனை அடியார்க்குக் கொடுத்திருக்கிறேனே, இந்த ஒன்றைப் பொறுக்கலாகாதா?" என்று தாம் செய்த தர்மத்தைக் கணக்கில் காட்டவுமில்லை. நம்பி ஒப்படைத்த பொருளைக் கேட்டபோது திருப்பித் தர இயலவில்லை, அது பிழை, அந்தப் பிழைக்குப் பழைய புண்ணியம் ஈடாகாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். அடைக்கலப் பொருள் வீசம் மதிப்புடையதாயினும் கோடி மதிப்புடையதாயினும் அதைக் காக்கும் கடமை ஒன்றே என்பது வாணிக தர்மத்தின் முதல் விதி.

பொன்னும் மணியும் தமக்கு எதற்கு என்று மறுத்துவிட்ட பிரமசாரி, தண்டிலிருந்த மற்றொரு கோவணத்தைக் காட்டி, இதற்கு ஒத்த எடையுள்ளதைத் தந்தால் போதும் என்றார். துலாக்கோல் நாட்டப்பட்டது. ஒரு தட்டில் அந்த ஈரக் கோவணம். மறுதட்டில் நாயனார் ஏந்தி வந்த கோவணம். தட்டு எழவில்லை. தம்மிடமிருந்த கோவணங்களையெல்லாம் இட்டார். பட்டும் துகிலும் பொதி பொதியாக இட்டார். பொன்னும் வெள்ளியும் நவமணியும் குவித்தார். வாழ்நாளெல்லாம் ஈட்டிய ஐசுவரியம் முழுவதும் ஏறியும், அந்த ஒரு கோவணத் தட்டு தரையைவிட்டு அசையவில்லை.

எஞ்சியிருந்தவர் மூவரே. தாமும் தம் மனைவியும் மகனும் தட்டில் ஏற அனுமதிக்குமாறு நாயனார் வேண்டினார், பிரமசாரி இசைந்தார். மூவரும் துலையை வலம்வந்து வணங்கி, திருநீற்றுக்குச் செய்யும் அடிமைத் திறத்தில் நாங்கள் தவறாதவர்களாயின் இத்துலை நேர் நிற்பதாக என்று ஆணையிட்டு, திருவைந்தெழுத்தை ஓதிக்கொண்டே ஏறினார்கள். இரண்டு தட்டும் ஒத்து நின்றன. அந்தத் துலையே விமானமாகி அவர்களைச் சிவலோகத்துக்கு ஏற்றிச் சென்றது என்பது புராணம்.

தொண்டருடைய குடும்பத்தாரைச் சோதனைக்கு உட்படுத்தும் வரலாறுகள் பெரிய புராணத்தில் வேறும் உண்டு. இயற்பகையாரும் வணிகரே, அவர் மனைவியைக் கொடுத்தார். சிறுத்தொண்டர் மகனைக் கொடுத்தார். அவ்வரலாறுகளில் கொடுப்பவர் இப்புறமும் கொடுக்கப்படுபவர் அப்புறமுமாகப் பிரிந்து நிற்கிறார்கள். அமர்நீதியாருடைய வரலாற்றில் அந்தப் பிரிவினை இல்லை. மனைவியையும் மகனையும் தட்டில் வைத்துவிட்டுத் தாம் தரையில் நின்று எடை பார்த்தவரல்லர் அவர். மூவரும் ஒன்றாகவே ஏறினார்கள். அந்த அம்மையாருடைய பெயரையும் அந்தப் பிள்ளையினுடைய பெயரையும் சேக்கிழார் நமக்குச் சொல்லவில்லை. ஆயினும், திருமடத்தில் அன்றாடம் அடியார்க்கு அமுது பரிமாறிய கைகளும், இலை போட்டு நீர் வார்த்த சிறு கைகளும் அவர்களுடையனவாக அல்லாமல் வேறு யாருடையனவாக இருந்திருக்கும்? தொண்டு தகப்பனுடைய தனிப்பட்ட விரதமாக நில்லாமல் குடும்பத்தின் நித்திய ஒழுக்கமாக ஊறியிருந்தபடியால்தான், "நாங்கள் தவறவில்லை" என்று மூவருக்குமாகச் சேர்த்து ஆணையிடும் தைரியம் அந்த உத்தமருக்கு வாய்த்தது. திரவியமெல்லாம் ஏறியும் அசையாத தட்டு இதற்கே அசைந்தது.

இன்னுமொரு நுட்பம். துலாக்கோல் வணிகருடைய நித்திய கருவி. வாழ்நாள் முழுதும் பிறர் பொருளைத் தம் தராசில் நிறுத்தவர், தம்மை அதே தராசில் நிறுக்கச் சொன்னபோது தயங்காமல் ஏறினார். கோல் கோடாத கைக்கன்றி அந்தத் துணிவு வராது. எடையில் ஒரு குன்றிமணி குறைத்து, அந்த லாபத்தில் கோபுரத்துக்கு ஒரு கலசம் வைத்துவிடலாம் என்று எண்ணுவோர் எக்காலத்திலும் இருக்கிறார்கள். அவர்களும் இந்த வரலாற்றைக் கேட்க வேண்டும். கோயிலுக்குக் கொடுத்தது தராசில் குறைத்ததற்கு ஈடாவதில்லை.

நம்மில் பலருடைய தந்தையரும் பாட்டன்மாரும் வியாபாரம் செய்து, குடும்பத்தைக் காத்து, ஊராருக்கும் உதவி, நற்பெயரோடு மறைந்தவர்கள். அவர்களுடைய திதியன்று பிண்டமிடுகிறோம். படத்துக்கு மாலை சாத்துகிறோம். பத்துப் பேருக்கு அன்னமிடுகிறோம். இவையெல்லாம் செய்யத் தக்கனவே. இவற்றோடு, அவர்களை நம்பி யாரேனும் ஒப்படைத்த பொருள் இன்னும் நம் வீட்டில் தங்கியிருக்கிறதா, அவர்கள் கொடுத்த வாக்கு ஏதேனும் நிறைவேறாமல் நிற்கிறதா என்று பழைய கணக்கையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். இருப்பின், உரியவரைத் தேடிச் சென்று தீர்த்து வாருங்கள். வீட்டுக்கு வரும் விருந்தினருக்கும் அடியாருக்கும் உங்கள் மனைவி மக்களோடு கூடி நின்று பரிமாறுங்கள். அமர்நீதியார் குருபூசையை இங்கே கொண்டாடிய நாம் அவருக்குச் செய்ய வேண்டிய மெய்யான வழிபாடு அதுவே.