நான்காம் நாள்

ஆந்திரத்துத் திருப்பதி மாவட்டத்தில், தமிழக எல்லைக்கு அருகே, நாகலாபுரம் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள வேதநாராயணர் கோயிலில் திருமால், இடைக்குக் கீழ் மீன் வடிவினராய் நின்றருள்கிறார். பங்குனியில் மூன்று நாள்கள், மாலைக் கதிரவனின் ஒளி கோபுர வாயிலைக் கடந்து கருவறை வரை நீள்கிறது. முதல் நாள் திருவடியிலும், மறுநாள் உந்தியிலும், மூன்றாம் நாள் நெற்றியிலும் படிகிறது. அக்காட்சியைக் காணக் கூட்டம் திரள்கிறது. நான்காம் நாள் அவ்வொளி இல்லை, கூட்டமும் இல்லை. ஆயினும் விளக்கு எரிகிறது, பூசை நடக்கிறது.

மனிதர்க்கும் இப்படி ஒரு நான்காம் நாள் உண்டு. அந்நாளில் அவர்க்கு நாம் செய்யவேண்டியது யாது?

மராட்டிய மாநிலத்தில் பிறந்த முரளிகாந்த் பெட்கர் இராணுவ வீரர், குத்துச்சண்டையிலும் வல்லவர். 1965 ஆம் ஆண்டுப் போரில் குண்டுகள் பாய்ந்து, இடைக்குக் கீழ் அவர் உடல் இயக்கம் இழந்தது. அதன்பின் தண்ணீரே அவருக்குத் துணையாயிற்று. 1972 இல் மேற்கு ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் நடந்த பாராலிம்பிக்கில், 50 மீட்டர் நீச்சலில், கைகளின் வலிமையால் மட்டுமே நீந்திப் பொற்பதக்கம் வென்றார். பாராலிம்பிக்கில் இந்தியா பெற்ற முதல் பொற்பதக்கம் அது. அப்போது அவருக்கு வயது 27.

பிறகு வந்தது நான்காம் நாள். அவர் புனே நகரில் டெல்கோ நிறுவனத்தில் பணிபுரிந்து வாழ்ந்தார். நாடு அவரை மறந்தது. பத்மஸ்ரீ விருது வந்தது 2018 இல். இடையே கழிந்தவை 46 ஆண்டுகள்! அர்ஜுனா வாழ்நாள் விருது 2025 இல்தான் அவர் கைக்கு வந்தது. 2024 பாரிஸ் போட்டியில் பொன் வென்றோர்க்கு நடுவண் அரசு 75 இலட்ச ரூபாய் அளித்தது. காலம் மாறியிருக்கிறது, மகிழ்ச்சியே.

'வென்றவர் பரிசு பெற்றார். அதன்பின் வாழ்வது அவர் பாடு' என்பார் உளர். அப்படியாயின் நாம் போற்றியது மனிதரையா, பதக்கத்தையா? பதக்கத்தை மட்டுமே எனில், அதைப் பெறாத ஆயிரமாயிரம் ஊனமுற்றோர் நம் கண்ணுக்கே தென்படார். வென்றால்தான் மதிப்பு என்று அவர்க்கு மட்டும் ஒரு நிபந்தனை விதிப்பது என்ன நீதி? பெட்கரின் 46 ஆண்டுகளைத் தாங்கியது விருதன்று. நாள்தோறும் செய்த வேலையும், அது தந்த தன்மானமுமே ஆகும். அந்த வேலைதான் நாம் சொன்ன விளக்கு.

பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்த நாம், ஆண்டு விழாவில் பரிசு பெற்ற பிள்ளைகளை மேடையேற்றி மகிழ்கிறோம். மகிழ்வோம். ஆனால் அம்மேடைக்குச் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் உண்டா? நம் கடைகளிலும் தொழிலகங்களிலும், பதக்கமில்லாத அவர்க்கு ஒரு வேலை உண்டா? கதிரவன் தன் கடனை மூன்று நாளில் முடித்துச் செல்கிறான். எஞ்சிய நாள்களின் விளக்குக்கு எண்ணெய் வார்ப்பது மனிதர் கடன். அதைச் செய்வோம்.