சூதும் வினையும்

திருவண்ணாமலைத் திருக்கார்த்திகைப் பெருவிழாவின் ஆறாம் நாள் அறுபத்துமூவர் வீதியெழுந்தருள்வர். அவருள் மூர்க்க நாயனார் சூதில் வென்ற பொருளால் அடியார்க்கு அமுதூட்டியவர். அவரைச் சான்றாக்கி, "கருத்துத் தூயதாயிற் சூதும் அறமாகாதோ?" என வினவுவாருளர்.

கோவாவின் சூதுகளங்களில் ஆடப்பெறும் ரூலெட் என்னுஞ் சக்கரத்தை நோக்குக. அறைகள் 37. ஓரெண்ணின்மேல் வைத்த ஒரு ரூபாய்க்கு, அவ்வெண் விழுந்தால் ஆதாயம் 35. ஒப்பநின்ற ஆட்டமாயின் 36 தரல்வேண்டும். குறைந்த அவ்வொன்றே களம் நடத்துவோனது ஊதியம், நூற்றுக்கு 2.7 ஆகும். சிவப்பு, கறுப்பு என்பனவற்றில் வைத்துத் தோற்குந்தோறும் பணயத்தை இரட்டிப்பாரும் இதற்குத் தப்பார். ஒரு ரூபாயிற் றொடங்கிப் பத்துமுறை அடுத்தடுத்துத் தோற்றவன் இழந்தது 1,023. பதினோராவதில் 1,024 வைத்து வென்றாலும் முடிவில் எஞ்சுவது ஒரு ரூபாயே!

நாயனார் முதற்சூது தோற்றுப் பின்னவை வென்றது கற்ற ஆடற்றிறத்தால். தோற்றும் பொருள் கொடாதாரை உடைவாளாற் குத்தினார். அதனைச் சேக்கிழார் மறைத்திலர். ஆயினும் வென்ற பொருளைத் தாம் தீண்டாது, அடியாரெல்லாரும் உண்டபின் கடைப்பந்தியில் உண்டார்.

"வருவது வினைவழியே வரும், ஆடுவதாற் கெடுவதென்?" எனின், தோல்வி பிராரத்தமாகுக. ஆசையாற் பணயம் வைக்குஞ் செயல் புதிதாய் ஏறும் ஆகாமியமன்றோ? நாயனார்பால் அவ்வாசை இல்லை. அவரைச் சான்று காட்டுவார் வென்ற பொருளை மாகேசுவர பூசைக்கு அனுப்பினாரென்பது யாண்டுங் கேட்கப்பட்டதில்லை.