ஓசிச் சவாரி யாருடையது?

பொருளாதாரப் பாடநூல்கள் பொருட்களை இரண்டாகப் பிரிக்கின்றன. நான் தின்ற இட்லியை நீங்கள் தின்ன முடியாது. காசு தராதவனுக்குக் கடைக்காரரும் தரமாட்டார். இது தனிப்பொருள். தெருவிளக்கு அப்படியில்லை. ஒருவர் அந்த வெளிச்சத்தில் நடப்பதால் அடுத்தவருக்கு வெளிச்சம் குறைவதில்லை. காசு தராதவர் என்று யாரையும் தடுக்கவும் முடியாது. இது பொதுப்பொருள். 1954இல் பால் சாமுவேல்சன் இதைக் கணக்காகவே எழுதிக் காட்டினார். தடுக்க முடியாது என்பதிலிருந்துதான் சிக்கல் பிறக்கிறது. செலவை மற்றவர் பார்க்கட்டும், நாம் சும்மா அனுபவிப்போம் என்று எல்லோரும் இருந்துவிட்டால் விளக்கே எரியாது. பங்கு தராமல் பலனை மட்டும் எடுத்துக்கொள்வதை நம் பேச்சில் ஓசிச் சவாரி என்போம்.

தமிழ் படித்த எனக்கு இந்தக் கணக்கு ஓரளவு புரிகிறது. 'யாரையும் தடுக்க முடியாது' என்ற இடத்தில்தான் இடறுகிறது. வெளிச்சத்தைத் தடுக்க முடியாதுதான். ஆனால் கம்பத்தை எங்கே நடுவது என்று தீர்மானிக்கிறவன் தடுக்கலாமே! ஊர்த்தெருவோடு கம்பம் நின்றுபோய்ச் சேரி இருட்டில் கிடந்த கதை நமக்குப் புதிதா என்ன?

எங்கள் காஞ்சிபுரம் பக்கம் பொதுப்பொருள் என்றால் ஏரிதான். ஏரியைக் காக்க வாரியம் வைத்த பெருமையை உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் படிக்கலாம். முதலாம் பராந்தகன் காலத்தவை; ஆண்டு 919, 921. குடவோலை முறையைச் சனநாயகத்தின் தொட்டில் என்று மேடைதோறும் பேசுகிறார்கள். அந்தக் குடத்தில் யார் பெயர் விழும்? வரி கட்டும் நிலம் கால்வேலியாவது இருக்கவேண்டும், சொந்த மனையில் வீடு இருக்கவேண்டும், வேதம் தெரிந்திருக்கவேண்டும். வேதத்தோடு பாஷ்யமும் வல்லவன் என்றால் அரைக்கால் வேலி போதும். கரையில் மண் கொட்டியவனுக்கு நிலமும் இல்லை, வேதமும் இல்லை. அவன் கை ஏரிக்கு வேண்டும், ஓலை வேண்டாம்.

1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. வழக்கப்படி குடிமராமத்துக்கு ஆள் தராதவரிடம் பணம் வசூலிக்கலாம். கரை உடையும் ஆபத்து என்றால் சுற்றுவட்டாரத்து உழைக்கும் வகுப்பு ஆண்களைக் கூப்பிடலாம். ஓசிச் சவாரிக்குப் போட்ட கடிவாளம் என்று பொருளாதாரக்காரர் இதை மெச்சக்கூடும். ஆனால் கட்டாயம் என்று வந்தால் மண்கூடை யார் தலையில் ஏறும் என்பது ஊருக்குத் தெரியும்.

எங்க தாத்தா மதகு காத்தவர். "ஏரி கோடி போவுதுன்னா நடுராத்திரியிலயும் கூப்பிடுவாங்க, போவணும். தண்ணி பாயுறது அவங்க கழனிக்கு. அறுப்பு முடிஞ்சா களத்துல ரெண்டு மரக்கா நெல்லு. அதையும் கையில தரமாட்டாங்க, முந்தியில கொட்டுவாங்க" என்பார். பங்கு முழுக்கத் தந்து பலனில் பங்கில்லாதவரை அழைக்கப் பாடநூலில் பெயர் இல்லை. அவர் உழைப்பின்மேல் ஏறிப்போனவருக்குப் பெயர் இருக்கிறது. ஆனால் இடஒதுக்கீடு, ரேஷன், தொகுப்பு வீடு என்று சொல்லி 'ஓசி' என்ற வசவை நம்மீதுதான் எறிகிறார்கள்.

சட்டம் பொது என்று சொல்லிவிட்டால் பொருள் பொதுவாகிவிடுமா? மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், பொதுச்சாலையும் கிணறும் குளமும் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924இல் சென்னை சட்டமன்றத்தில் நிறைவேற்றவைத்தார். அதே 1924இல் மகாராட்டிரத்தின் மகாத் நகராட்சி சவதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டது, தாளில். 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான தோழர்களும் போய்த் தண்ணீரைக் கையில் அள்ளியதும், குளம் தங்கள் தனிச்சொத்து என்று சாதி இந்துக்கள் வழக்குப் போட்டார்கள். பம்பாய் உயர்நீதிமன்றம் 1937இல்தான் அதைத் தள்ளியது. நம் கை பட்டதும் பொதுப்பொருள் தனிப்பொருளாக மாறுகிறது! உறுப்பினருக்கு மட்டும் பயன்படும் பொருளை 1965இல் ஜேம்ஸ் புக்கானன் மன்றப்பொருள் என்று விளக்கினார். சாதி அப்படியொரு மன்றம். பிறப்புதான் அதன் சந்தா.

கேள்வி நம் பக்கமும் திரும்பும். போராட்டமும் ஒரு பொதுப்பொருள்தான். போகாதவனுக்கும் பலன் கிடைக்கும். ஆகவே பெரிய கூட்டத்தில் அறிவுள்ளவன் வீட்டிலேயே இருந்துகொள்வான் என்பது 1965இல் மன்கூர் ஒல்சன் எழுதியதன் சாரம். 1994 அக்டோபர் 10 அன்று பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் திரண்டவர்கள் இந்தக் கணக்கைப் போடவில்லை. துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். நிலம் மீண்டால் பட்டா எல்லோருக்கும்தான், வராதவனுக்கும்தான். பிறகு ஏன் வந்தார்கள்? நிலத்தை இன்னொருவர் மீட்டுத் தரலாம். நிமிர்ந்து நடப்பதை இன்னொருவர் நமக்காகச் செய்ய முடியாது. மகாத்தில் அள்ளிக் குடித்ததும் தாகத்துக்காக அல்ல. அந்தப் பலன் போனவருக்கு மட்டுமே கிடைக்கும். போராட்டத்தால் வேலை வாங்கி, சேரிப்பக்கம் திரும்பாத நம் படித்தவர்கள் இதை யோசிக்கவேண்டும்.

2000ஆம் ஆண்டுப் பாசனச் சட்டத்திலும் நிலமுள்ளவரே சங்க உறுப்பினர். 2017 மார்ச்சில் காஞ்சிபுரம் மாவட்டம் மணிமங்கலத்தில் குடிமராமத்தை மறுபடி தொடங்கியபோதும் ஆயக்கட்டுக்காரரே பயனாளி. கால்வேலி விதி ஆயிரம் ஆண்டு தாண்டியும் சாகவில்லை. ஏரியின் ஊற்று சேரிக் கிணற்றிலும் சுரக்கிறது. கரை உடைந்தால் பள்ளத்திலிருக்கும் சேரிதான் முதலில் மூழ்குகிறது. கிராமசபையில் ஏரிக் கணக்கை வாசிக்கும்போது எழுந்து நின்று கேளுங்கள்: மீன் ஏலப் பணத்தில், வண்டலில், கரை மரத்தில், வாரியத்தில், நிலமில்லாதவர் பங்கு எங்கே? ஓசி என்று யாராவது முணுமுணுத்தால், பழைய கூலி பாக்கியிலிருந்து கணக்கைத் தொடங்கலாம்.