சந்தேகத்தின் விலையை யார் கொடுப்பது?

கடைக்குள் வருகிறவர்களில் யாரைக் கண்காணிப்பது, யாரை விட்டுவிடுவது என்று முடிவு செய்வது கடைக்காரரின் உரிமையா? கடை அவருடையது. சரக்கு அவருடையது. திருட்டுப் போனால் நஷ்டமும் அவருக்குத்தான். அப்படியிருக்க, தோல் நிறத்தைப் பார்த்து ஒருவர் பின்னால் ஓர் ஊழியரை நடக்கவிட்டால் அதில் என்ன அநீதி? யாரையும் அடிக்கவில்லை, வெளியே தள்ளவில்லை, பொருளை விற்க மறுக்கவும் இல்லை. வெறும் பார்வைதானே என்று கேட்கிறவர்கள் உண்டு. கேட்பவர்களில் பலர் கெட்டவர்களும் அல்லர். அதனாலேயே இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அமெரிக்கக் கறுப்பினத்தவர் தலைமுறை தலைமுறையாக இந்தப் பார்வைக்கு நடுவில்தான் கடைக்குப் போய்வருகிறார்கள். அங்கே பல வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடங்களில் கடைக்குள் நடந்துகொள்ளும் விதமும் ஒன்று. சட்டைப்பைக்குள் கையை விடாதே. வாங்கப் போவதில்லை என்றால் தொடாதே. முதுகுப்பையைத் திறக்காதே. ஒரு சூயிங்கம் வாங்கினாலும் பில்லையும் பையையும் கேட்டு வாங்கிக்கொள். 2013 ஜூலையில் வெள்ளை மாளிகையில் செய்தியாளர்கள் முன் பேசிய பராக் ஒபாமா, பெரிய கடைகளில் பின்தொடரப்பட்ட அனுபவம் இல்லாத கறுப்பின ஆண்கள் அந்த நாட்டில் மிகச் சிலரே என்றும், தனக்கும் அது நேர்ந்திருக்கிறது என்றும் சொன்னார். நாட்டின் உச்சப் பதவிக்குப் போன பிறகும் மறக்காமல் ஒருவர் சொல்கிற விஷயத்தை அற்பம் என்று தள்ளிவிட முடியாது.

பார்வை எப்போதும் பார்வையோடு நிற்பதில்லை. 1995-ல் மேரிலாந்து மாநிலத்தில், ‘எடி பாவர்’ நிறுவனத்தின் தள்ளுபடி விற்பனைக்கு ஒரு கறுப்பின இளைஞன் நண்பர்களோடு போனான். அவன் போட்டிருந்த சட்டை முந்தின நாள் அதே கடையில் வாங்கியது. காவலுக்கு நின்றவர் ரசீதைக் கேட்டார். கையில் இல்லை. சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, உள்ளே போட்டிருந்த பனியனோடு அவன் வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. ரசீதைத் தேடி எடுத்துவந்து காட்டிய பிறகே சட்டை திரும்பக் கிடைத்தது. 1997-ல் நடுவர் குழு அவனுக்கும் நண்பர்களுக்குமாகப் பத்து லட்சம் டாலர் இழப்பீடு வழங்கியது. சட்டவிரோதமாகத் தடுத்து வைத்தது, பெயருக்குக் களங்கம் விளைவித்தது ஆகியவை நிரூபணமாயின. இனப் பாகுபாடு காட்டினார்கள் என்ற குற்றச்சாட்டை மட்டும் நடுவர்கள் ஏற்கவில்லை.

இந்தச் சம்பவத்தில் தலைகீழாகிப் போனது எது என்று பார்க்க வேண்டும். குற்றம் சாட்டுகிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்பது நீதியின் முதல் பாடம். இங்கே அந்தப் பொறுப்பு சட்டை போட்டிருந்தவன் தலையில் விழுந்தது. நம்மில் யார் உடுத்தியிருக்கும் துணிக்கு ரசீதைக் கையோடு வைத்துக்கொண்டு நடமாடுகிறோம்? நம்மிடம் யாரும் கேட்பதில்லை என்பதால் நாம் நிரபராதிகளாக இருக்கிறோம். கேட்கப்படுகிறவன் அந்த நொடியிலேயே பாதிக் குற்றவாளி ஆகிவிடுகிறான்.

‘மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை’ என்று நம் ஊரில் சொல்வார்கள். தப்பு செய்யாதவன் ஏன் சோதனைக்குப் பயப்பட வேண்டும் என்ற வாதம் எல்லா நாட்டிலும் உண்டு. வழியில் நிற்கிறவர் எல்லோருடைய மடியையும் ஒரேபோலச் சோதித்தால் அந்தப் பழமொழி நியாயமாகப் பொருந்தும். வாசலில் எல்லோர் பையையும் வாங்கி வைத்து டோக்கன் கொடுக்கும் கடையில் யாரும் அவமானப்படுவதில்லை. முகத்தைப் பார்த்துவிட்டு மடியைச் சோதிக்கும் இடத்தில், கனமில்லாதவனுக்கும் பயம் வரத்தான் செய்யும். அவன் பயப்படுவது தன் மடியில் இருப்பதை நினைத்து அல்ல; எதிரில் நிற்பவர் ஏற்கெனவே எடுத்துவிட்ட முடிவை நினைத்து.

கடைக்காரரின் பக்கத்தையும் அதன் முழு வலுவோடு எடுத்துப் பார்க்க வேண்டும். கடைத் திருட்டு கற்பனை அல்ல. சிறு கடைகளில் லாபம் குறைவு. ஒரு பொருள் போனால் அதை ஈடுகட்டப் பல பொருள்களை விற்கவேண்டும். சில பகுதிகளில் பொருள் மட்டுமல்லாமல் உயிருக்கும் ஆபத்து உண்டு. 1991 மார்ச் 16 அன்று லாஸ் ஏஞ்சலஸின் தெற்குப் பகுதியில் நடந்ததை இந்த இடத்தில் எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியாது. கொரியாவிலிருந்து குடியேறிய ஒரு குடும்பம் நடத்திய கடை அது. அதற்கு முன்பே அங்கே கொள்ளை நடந்திருந்தது. வீட்டுப் பிள்ளைக்கு ரவுடிக் கும்பலின் மிரட்டலும் இருந்தது. அன்று கல்லாவில் இருந்த பெண் பயத்தோடுதான் உட்கார்ந்திருந்தார்.

லடாஷா ஹார்லின்ஸ் என்ற 15 வயதுக் கறுப்பினச் சிறுமி உள்ளே வந்தாள். 1.79 டாலர் விலையுள்ள ஆரஞ்சுச் சாறு பாட்டிலை எடுத்து முதுகுப்பையில் வைத்துக்கொண்டு கல்லாவை நோக்கி நடந்தாள். கையில் 2 டாலர் இருந்தது. திருடுகிறாள் என்று நினைத்து அந்தப் பெண் பையைப் பிடித்து இழுத்தார். கைகலப்பு ஆயிற்று; சிறுமி அடித்தாள், கடைக்காரப் பெண் முக்காலியைத் தூக்கி எறிந்தார். கீழே விழுந்த பாட்டிலை எடுத்துக் கல்லா மேல் வைத்துவிட்டு லடாஷா திரும்பி நடந்தாள். பின்னாலிருந்து வந்த ஒரே குண்டு அவள் தலையில் பாய்ந்தது. அவள் திருட முயலவில்லை என்று போலீஸ் முடிவு செய்தது. கடைக் கேமரா எல்லாவற்றையும் பதிவு செய்திருந்தது. நடுவர்கள் குற்றம் உறுதி என்றார்கள். நீதிபதி சிறைக்கு அனுப்பவில்லை. நன்னடத்தைக் கண்காணிப்பு, சமூகப் பணி, 500 டாலர் அபராதம் ஆகியவற்றோடு விட்டுவிட்டார்.

அந்தப் பெண்ணின் பயம் பொய் இல்லை. அந்தப் பயத்தை உண்டாக்கியவர்கள் வேறு யாரோ. அதற்கான தண்டனை ஒரு பள்ளிச் சிறுமிக்குப் போய்ச் சேர்ந்தது. இந்தப் பிரச்சினையின் அறச்சிக்கல் முழுவதும் இந்த இடத்தில் அடங்கியிருக்கிறது. நேற்று ஒருவன் செய்த குற்றத்துக்கு, அவனோடு நிறத்தைத் தவிர வேறு எதையும் பகிர்ந்துகொள்ளாத இன்னொருவர் இன்று விலை கொடுக்கிறார். கடைக்காரருக்குப் பயப்பட உரிமை உண்டு. அந்தப் பயத்தின் செலவை முன்பின் தெரியாத ஒருவர் கணக்கில் எழுத உரிமை இல்லை.

‘பிடிபடுகிறவர்களின் கணக்கைப் பாருங்கள், குறிப்பிட்ட இனத்தவரே அதிகம்’ என்பது அடுத்த வாதம். யாரைத் தொடர்ந்து கவனிக்கிறோமோ அவர்கள்தானே பிடிபடுவார்கள்? ஊழியரின் கண் முழுக்க ஒரு கறுப்பின இளைஞன் மீது இருக்கும்போது, அடுத்த வரிசையில் நல்ல கோட்டு போட்டவர் எதை எடுத்தாலும் அது கணக்கில் ஏறாது. அந்தக் கணக்கு திருட்டை அளப்பதில்லை, கண்காணிப்பை அளக்கிறது. அப்படியே கணக்கு சரி என்று வைத்துக்கொண்டாலும் அதிலிருந்து எந்த உரிமையும் பிறப்பதில்லை. ஒரு கூட்டத்தில் நூற்றில் சிலர் தவறு செய்தால், மீதமுள்ள அத்தனை பேரும் ஒவ்வொரு முறையும் தங்களைத் தனித்தனியாக நிரூபித்துக்கொண்டே வாழவேண்டும் என்று சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை.

தமிழ் வாசகர்களுக்கு இந்தத் தர்க்கம் புதிதல்ல. ஆங்கிலேயர் 1871-ல் கொண்டுவந்த குற்றப்பரம்பரைச் சட்டம் இதே எண்ணத்தின் மேல் எழுப்பப்பட்டது. பின்னர் சென்னை மாகாணத்திலும் அது நடைமுறைக்கு வந்தபோது, கள்ளர், குறவர் உள்ளிட்ட பல சமூகத்தினர் பிறந்த ஒரே காரணத்துக்காகக் கைரேகை பதிக்கவும், இரவில் காவல் நிலையத்தில் ஆஜராகவும் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. சென்னை மாகாணத்தில் 1947-ல் சட்டம் நீக்கப்பட்டது. அரசாங்கம் கைரேகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு செய்ததை, கடைக் காவலாளி பதிவேடு இல்லாமல் செய்கிறார். பிறப்பைக் குற்றத்துக்கான அறிகுறியாகக் கொள்வது இரண்டுக்கும் பொது.

சட்டம் இதைத் தடுக்காதா என்றால், ஓரளவுக்குத்தான். அமெரிக்காவின் 1964 குடிமை உரிமைகள் சட்டம் விடுதி, உணவகம், பெட்ரோல் பங்க், அரங்கம் என்று பட்டியலிட்டுப் பாகுபாட்டைத் தடை செய்தது. துணிக்கடை, மளிகைக் கடை போன்ற சாதாரணக் கடைகளை அந்தப் பட்டியல் சேர்த்துக்கொள்ளவில்லை. சில மாநிலச் சட்டங்கள் துணைக்கு வரும். மற்றபடி, ஒப்பந்தம் செய்யும் உரிமையை எல்லா இனத்தவருக்கும் தந்த 1866-ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான் வழக்காடுவோர் நாடவேண்டியிருக்கிறது. அதன்படி, வாங்குவதற்குத் தடை ஏற்பட்டது என்று காட்டியாக வேண்டும்.

கான்சாஸ் மாநிலத்தில் 1996-ல் ‘டில்லார்ட்ஸ்’ கடையில் நடந்தது இதைத் தெளிவாகக் காட்டும். ஒரு கறுப்பினப் பெண் குழந்தைக்குத் துணி வாங்கிப் பணமும் கட்டிவிட்டார். வாங்கியவர்களுக்கு இலவச வாசனைத் திரவியம் தரும் கூப்பன் ஒன்று கிடைத்தது. அதைக் கொடுத்து வாங்க நின்றபோது காவலர் வழிமறித்துப் பையைச் சோதித்தார். திருட்டுப் பொருள் எதுவும் இல்லை. அந்தக் கூப்பன் இன்னும் முடியாத ஒப்பந்தத்தின் பகுதி என்பதாலேயே அவர் வழக்கு நின்றது. 11 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு கிடைத்தது. 2001-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. உடன் வந்திருந்த இன்னொரு பெண்ணின் வழக்கு தள்ளுபடியானது. அவர் எதையும் வாங்கவில்லை, வாங்க முயன்றதற்கும் சான்றில்லை. இருவரும் ஒரே இடத்தில் ஒரே அவமானத்தை அனுபவித்தவர்கள். இந்திய அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவு கடைகளைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, அங்கே நுழைவதில் மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் காரணமாக எந்தத் தடையும் கூடாது என்கிறது. அதுவும் வாசலைத் திறந்துவிடும். உள்ளே விழும் பார்வையை மாற்றாது. சட்டம் நின்றுவிடும் அந்த இடத்துக்கு அப்பால் மனிதர்களின் மனச்சாட்சிக்குத்தான் வேலை.

பாதிக்கப்பட்டவர் எல்லாவற்றையும் நிறத்தோடு முடிச்சுப் போடுகிறார், ஊழியர் எல்லோரிடமும் அப்படித்தான் நடந்துகொள்வாரோ என்னவோ என்ற சந்தேகமும் எழுப்பப்படுகிறது. சில சமயம் அது உண்மையாகவும் இருக்கலாம். 2013-ல் சூரிச் நகரில் ஒரு விலை உயர்ந்த கைப்பையைக் காட்டச் சொன்னபோது, அது உங்களுக்கு மிக விலை அதிகம் என்று கடைக்காரப் பெண் மறுத்துவிட்டதாக அமெரிக்கக் கறுப்பினத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரே சொன்னார். வெறும் தவறான புரிதல் என்றார் கடை உரிமையாளர். யார் சொன்னது சரி என்று வெளியிலிருந்து தீர்ப்பளிக்க முடியாது. தவறான குற்றச்சாட்டு விற்பனைப் பெண் ஒருவரின் பெயரைக் கெடுக்கும் என்பதும் மறக்கக்கூடாதது. ஆனால் இந்தத் தெளிவின்மையே ஒரு சுமை. இது என் நிறத்துக்காகவா, இல்லை இவர் சுபாவமே இப்படியா என்று ஒவ்வொரு முறையும் தனக்குள் விசாரணை நடத்தவேண்டிய நிலை, ஒரு சோப்பு வாங்கப் போன மனிதருக்கு ஏன் வரவேண்டும்? அந்த விசாரணையிலிருந்து பிறப்பாலேயே விடுதலை பெற்றவர்கள், அதில் மாட்டியிருப்பவரைப் பார்த்து உனக்கு எல்லாவற்றிலும் சந்தேகம் என்று சொல்வது கொடுமை.

அப்படியானால் கடைக்காரர் என்னதான் செய்வது? சந்தேகம் செயலைப் பார்த்து எழட்டும். பொருளை உடைக்குள் மறைப்பது, விலைச்சீட்டைக் கிழிப்பது, பணம் கட்டாமல் கல்லாவைத் தாண்டுவது எல்லாம் செயல்கள். எந்த நிறத்தவர் செய்தாலும் அவை ஒன்றுதான். சந்தேகம் வந்தாலும் முதலில் பேச்சில் மரியாதை இருக்கட்டும். யாரைத் தடுத்தோம், ஏன் தடுத்தோம் என்று எழுதி வைக்கட்டும். எழுதவேண்டும் என்றாலே கை கொஞ்சம் யோசிக்கும். இது கனவு அல்ல. 2013-ல் நியூயார்க்கின் ‘பார்னீஸ்’ கடையில் 349 டாலருக்குத் தன் சொந்த அட்டையில் பெல்ட் வாங்கிய 19 வயதுக் கறுப்பின மாணவர், வெளியே போலீஸாரால் மடக்கப்பட்டு விலங்கிடப்பட்டார். போலீஸை அழைத்தது தாங்கள் அல்ல என்றது கடை. மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் அந்தக் கடையை விசாரித்தது. 2014-ல் 5,25,000 டாலர் செலுத்தவும், தடுத்து நிறுத்தப்படுவோர் பற்றிய பதிவுகளைப் பேணவும், ஊழியருக்குப் பயிற்சி தரவும், வெளி ஆலோசகரை நியமிக்கவும் நிறுவனம் உடன்பட்டது. அதே ஆண்டு ‘மேசிஸ்’ கடையும் 6,50,000 டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டது.

வாசலில் நிற்கும் காவலாளி மட்டும் குற்றவாளி என்று முடித்துவிடவும் கூடாது. குறைந்த கூலிக்கு நிற்கும் அவர், யாரைப் பார்த்துக்கொள் என்று மேலிருந்து வரும் சாடைக்கு ஏற்பவே நடக்கிறார். சாடை காட்டுகிறவர்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். அடுத்து, அதே கடையில் அந்த நேரத்தில் நிற்கும் மற்ற வாடிக்கையாளர்களுக்கும் ஒரு கடமை உண்டு. ஒருவர் மட்டும் மடக்கப்படும்போது அருகில் போய் நிற்பதும், பார்த்ததைச் சொல்ல முன்வருவதும் பெரிய தியாகம் அல்ல. அவமானத்தின் பாதி, அதைச் சுற்றி நிற்பவர்களின் மௌனத்தால் ஆனது. டொரன்டோவிலும் லண்டனிலும் கடை நடத்தும் தமிழர்களும் உண்டு, அங்குள்ள பிற கடைகளுக்கு வாடிக்கையாளராகப் போகிற தமிழர்களும் உண்டு. கல்லாவின் எந்தப் பக்கம் நின்றாலும் இந்தக் கடமை ஒன்றுதான்.

கடை என்பது பணம் இருந்தால் போதும், சாதி, குலம், நிறம் எதுவும் கேட்கப்படாது என்ற உறுதியின் மேல் நடக்கும் பொது இடம். அந்த உறுதியை நம்பி உள்ளே வருகிறவரிடம் தனியாக ஒரு நிரூபணம் கேட்பது, விலைச்சீட்டில் எழுதாத ஒரு கூடுதல் விலையைச் சிலரிடம் மட்டும் வசூலிப்பதாகும். திருட்டைத் தடுக்கச் செலவு ஆகத்தான் செய்யும். அதைக் கடைக்காரர் தன் பொறுப்பில் ஏற்கட்டும். தேவையானால் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் சமமாகப் பங்கிடட்டும். ஒரு நிறத்தவர் மட்டும் தங்கள் மானத்தால் அந்தச் செலவை அடைப்பதை எந்த வணிக நியாயமும் நேராக்கிவிடாது.