இரு வாசல்களுக்கு இடையே

ஒரு பிள்ளையை அடுத்த வீட்டு வாசல்வரை அழைத்துச் சென்று விட்டுவிட்டுத் திரும்பினால் நம் பொறுப்பு முடிந்துவிடுகிறதா? அவ்வீட்டார் கதவைத் திறந்து உள்ளே அழைத்துக்கொள்ளும்வரை நாம் காத்து நிற்க வேண்டாமா? அன்றாட வாழ்வில் இதற்கு விடை காண்பது எளிது. கல்வி என்று வரும்போதோ இவ்வினாவை நாம் எழுப்புவதே இல்லை. பள்ளி தன் பணியைத் தேர்ச்சி விழுக்காட்டோடு முடித்துக்கொள்கிறது. கல்லூரி தன் பணியைச் சேர்க்கைப் பட்டியலோடு தொடங்குகிறது. இடைப்பட்ட வெளி யாருடைய பொறுப்பிலும் இல்லை.

விருதுநகர் மாவட்டத்தை எண்ணும்போது இவ்வினா கூர்மை பெறுகிறது. மேனிலைத் தேர்வில் நெடுங்காலமாக முன்வரிசையில் நிற்கும் மாவட்டம் இது. 2023-ஆம் ஆண்டில் 97.85 விழுக்காட்டுத் தேர்ச்சியோடு மாநிலத்தில் முதலிடம் பெற்றது. ஆயினும் 2018-இல் நடுவண் அரசு, வளர்ச்சிக்குத் தனிக்கவனம் தேவைப்படும் மாவட்டங்களைத் தெரிந்தெடுத்தபோது, தமிழகத்திலிருந்து இராமநாதபுரத்தோடு விருதுநகரும் அப்பட்டியலில் இடம்பெற்றது. தேர்ச்சியும் முன்னேற்றமும் ஒன்றுதானா என நாம் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

கல்லூரிகளுக்கு இங்குக் குறைவில்லை. விருதுநகரில் செந்திக்குமார நாடார் கல்லூரி 1947-இலும், வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரி 1962-இலும் தோன்றின. சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963-இல் எழுந்தது. கட்டடங்கள் உண்டு, அவற்றுக்குச் செல்லும் வழியில்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்.

முன்பு இவ்வழியில் ஒரு படி இருந்தது. பதினோராம் வகுப்பை முடித்தோர் கல்லூரியிலேயே ஓராண்டு புகுமுக வகுப்பில் பயின்றனர். பள்ளிப் பிள்ளையைக் கல்லூரி மாணவராக்கும் சுமையைக் கல்லூரியே ஏற்றிருந்தது. 1978-இல் மேனிலைக் கல்வி பள்ளிகளுக்கு வந்தது. சிற்றூர்ப் பிள்ளைகள் பலருக்கு இதனால் நன்மை விளைந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பள்ளியும் கல்லூரியும் ஒன்றையொன்று காணவேண்டிய தேவை அத்தோடு குறைந்தது. கல்லூரி ஆசிரியர் பள்ளியைக் குறை கூறுகிறார். பள்ளி ஆசிரியரோ மதிப்பெண் பட்டியலைக் காட்டுகிறார்.

சிவகாசி வட்டாரத்தில் இந்த இடைவெளி வெறுமையாக இருப்பதில்லை. பதினெட்டு வயது நிரம்பாதவரை அபாயகரமான தொழிலில் அமர்த்தலாகாது என்கிறது 2016-இல் திருத்தப்பட்ட சட்டம். அந்த வயது நிரம்புவதும் மேனிலைக் கல்வி முடிவதும் ஏறத்தாழ ஒரே வேளையில் நிகழ்கின்றன. மார்ச்சில் தேர்வு முடிந்து, கல்லூரி திறக்கும்வரை உள்ள மாதங்களில், கட்டணத்தையும் விண்ணப்பத்தையும் எண்ணிக் கலங்கும் வீட்டுக்கு அருகிலேயே பட்டாசு ஆலை வாரக் கூலியோடு காத்திருக்கிறது. பிள்ளை கல்வியை வெறுத்து அங்குச் செல்வதில்லை. ஆலை அழைத்தது, கல்லூரி அழைக்கவில்லை என்பதே செய்தி.

அரசு இதை உணராமலில்லை. 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின்கீழ் 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சிகள் மேனிலை மாணவர்க்கு வழிகாட்டுகின்றன. சேராது நின்றவர்களை 'உயர்வுக்குப் படி' தேடிச் செல்கிறது. மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் 'புதுமைப் பெண்' திட்டம் 2024 டிசம்பரில் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழி பயின்ற மாணவியர்க்கும் விரிவாக்கப்பட்டது. இவை போற்றுதற்குரியவை. ஆயினும் பணம் வாசலைத் திறக்கலாம். உள்ளே நிலைத்து நிற்கும் துணிவை ஆசிரியரே தரவேண்டும்.

'தகுதியில்லாதவரைக் கல்லூரி ஏன் சுமக்கவேண்டும்?' என்று கேட்போர் உண்டு. தகுதியை ஒருவர் தனியே ஈட்டிய சொத்தாகக் கருதுவதால் எழும் வினா இது. வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பொடியும் தாயின் கைகளில் அன்றாடம் படிகின்றன. தமிழில் வேதியியல் கற்ற அவர் மகள், கல்லூரியில் அதே பொருள்களை ஆங்கிலப் பெயர்களில் சந்தித்து மிரள்கிறாள். அறியாமை அவளுடையது மட்டும்தானா? அவள் ஏற்கெனவே அறிந்தவற்றை அறியாத வகுப்பறைக்கும் அதில் பங்குண்டு. மாணவி கல்லூரிக்கு ஆயத்தமா என்று கேட்கும் நாம், கல்லூரி இம்மாணவிக்கு ஆயத்தமா என்றும் கேட்கவேண்டும்.

இதற்குப் பெருந்திட்டங்கள் வேண்டியதில்லை. மேனிலை வேதியியல் ஆசிரியரும் கல்லூரி முதலாண்டு ஆசிரியரும் பருவத்துக்கு ஒருமுறை அமர்ந்து, பிள்ளைகள் இடறும் இடங்களைப் பேசலாம். கோடையில் சில வாரங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தைப் பள்ளி மாணவர்க்குத் திறந்துவிடலாம். அதே தெருவிலிருந்து சென்று மூன்றாமாண்டு பயில்பவர் புதியவரோடு துணையாகச் செல்லலாம். பள்ளிகளையும் கல்லூரிகளையும் நடத்தும் நம் திருச்சபைக்கும், பங்கு மன்றங்களுக்கும் இது எட்டாத பணியன்று.

காயமுற்றவனைச் சாவடிவரை கொண்டுசேர்த்த நல்ல சமாரியர் அத்தோடு விடைபெறவில்லை. சாவடிக்காரரிடம் பணம் கொடுத்தார், பேணச் சொன்னார், திரும்பி வருவதாகவும் வாக்களித்தார். ஒப்படைத்தல் என்பதன் முழுப்பொருள் இதுவே. தேர்ச்சிப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டும் நாளில், அதிலுள்ள பெயர்கள் ஜூலையில் எங்கே இருக்கும் என்று கேட்கும் பள்ளியும், அப்பெயர்களைத் தேடிவரும் கல்லூரியும் நமக்கு வேண்டும்.